கார்டு அக்கா

கேமராவின் மெமரி கார்டைக் கையில் வாங்கியதும் அக்கா அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை நகத்தால் கீழே தள்ளிவிடுகிறார். உங்கள் பெயர், வந்த காரியம், தொலைந்தது என்ன என்பதெல்லாம் அப்புறம்தான். பூட்டு இறங்கிவிட்டால் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் ஏறாது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார்.

“அழிஞ்சதுக்கப்புறம் இதுல ஏதாவது படம் எடுத்தீங்களா?”

இல்லை என்று எல்லோரும் இழுப்பார்கள். “சும்மா ஒண்ணே ஒண்ணுகூடவா?” என்று கேட்டால் உண்மை வரும். கார்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஒன்று எடுத்திருப்பார்கள். மின்விசிறியோ, சொந்தச் செருப்போ, எதிரில் இருந்த எதுவோ. போன வாரம் ஒருவர் மேஜைக்காலை எடுத்துவிட்டு வந்திருந்தார். “வேலை செஞ்சுதா?” என்று கேட்டார் அக்கா. “செஞ்சுதுங்க” என்றார் அவர். “நல்லது. உங்க அண்ணன் கல்யாணத்துல ஒரு படம் போச்சு. அந்த இடத்துல மேஜைக்காலு நிக்குது.”

நாக்கில் தேன் தடவிப் பேசத் தெரியாதவர். ஆனால் அழித்தாலும் படம் எப்படி உள்ளேயே இருக்கிறது என்று யார் கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். “வாசல்ல பேர்ப்பலகையைத்தான் கழட்டியிருக்கு. ஆளுங்க வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. காலி வீடுன்னு நெனச்சு நீங்க வேற ஆளைக் குடிவைக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது.”

அவர் இருப்பது கண்ணாடிக் கடைக்கு மேல் ஒரு நீள அறை. கீழே கடை நடத்துவது அவர் கணவர். அங்கிருந்து வரும் மூக்குக்கண்ணாடிக் கூடுகளில்தான் கார்டுகள் தூங்குகின்றன, ஆளுக்கு ஒரு கூடு. நான் எதிர் அறையில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். என் மின்விசிறி சரியில்லை என்ற சாக்கில் பாதி நாள் இங்கேதான் கிடக்கிறேன். சாக்கு என்று அவருக்கும் தெரியும்.

மீண்டு வந்த படம் சரியானதுதானா என்பதை அவர் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தன் பக்கம் எந்தப் படத்தையும் தபால்தலை அளவுக்கு மேல் பெரிதாக்க மாட்டார். கிழிந்திருக்கிறதா, முழுசா என்று தெரிந்தால் அவருக்குப் போதும். பெரிதாக்குவது உரியவருக்குத்தான். திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, அவர்கள் முகத்தையே பார்த்தபடி பொத்தானை அழுத்துவார். “தன்னோட படமா இருந்தா முதல்ல தோள் இறங்கும். சிரிப்பு, அழுகை எல்லாம் அதுக்கப்புறம்தான்” என்பார். நானும் பல பேரைக் கவனித்துவிட்டேன். அப்படித்தான் நடக்கிறது.

கேட்ட தேதியைத் தவிர வேறு எதையும் மீட்டுத் தர மாட்டார். ஒருமுறை ஒரு கனவான் மனைவியின் கார்டைக் கொண்டுவந்து, அதில் அழிக்கப்பட்ட எல்லாம் வேண்டும் என்றார். “தொலைஞ்சு போனது வேற, வேணும்னு அழிச்சது வேற. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, எடுத்துத் தரேன்” என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. படி இறங்கும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அக்கா மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சென்ற மாதம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவியின் மடியில் பல் முளைக்கும் வயதில் ஒரு பெண்குழந்தை, எட்டியதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு. பூட்டைத் தள்ளிவிட்டு அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அதற்குள் கணவன் தானே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான்.

“நான்தான்க்கா பண்ணேன். ஃபார்மேட் பண்ணவான்னு கேமரா கேட்டுச்சு, சரின்னு அழுத்திட்டேன். அப்புறம் நானே எடுத்துடலாம்னு ஒரு சாஃப்ட்வேர் எறக்கினேன்.”

“எடுத்ததை எங்க சேமிச்சீங்க?”

“அதே கார்டுலதான்.”

இதைவிடப் பெரிய தப்பு இந்தத் தொழிலில் இல்லை. அவன் மீட்டது ஏதோ பழைய சுற்றுலாப் படங்கள். அவை திரும்பி வந்து, அவன் தேடிய படங்கள் இருந்த இடத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன. சரியான அர்ச்சனை காத்திருக்கிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முன் மனைவி பேசினாள்.

“இவ பொறந்ததும் என்னை வேற வார்டுல போட்டுட்டாங்க. எனக்கு நினைவே இல்ல. இவ கண்ணாடிப் பெட்டியில இருந்தப்ப மாமியார் பார்த்தாங்க, நாத்தனார் பார்த்தா, தரை துடைக்கிறவங்ககூட பார்த்திருக்காங்க. பெத்தவ நான் மட்டும்தான் பார்க்கல. எனக்குக் காட்டத்தான் இவர் தினமும் படம் எடுத்து வச்சாரு. நான் தேறி வந்து பார்க்கிறதுக்குள்ள எல்லாம் போச்சு.”

அக்கா திட்டவில்லை. “பெருசா நம்பிடாதம்மா” என்றார். “வந்தா போன் பண்றேன். வரலைன்னாலும் பண்றேன்.”

அதன் பிறகு அவர் மற்ற கூடுகளைத் தொடவில்லை. சிதறிக் கிடந்த துண்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, ஒட்டி, பொருந்தாமல் பிரித்து, மறுபடி ஒட்டினார். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கணவர் ஓய்ந்துபோனார். நான் பேச்சுக் கொடுத்தால் பதில் இல்லை. ஒருநாள் அவராகவே, “ஒரே ஒண்ணு. அதுவும் மேல்பாதிதான். கீழ்ப்பாதி மேல ஏதோ அருவி உட்கார்ந்திருக்கு” என்றார். அதற்குப் பிறகும் இரண்டு நாள் கீழ்ப்பாதியைத் தேடினார்.

அவர்கள் வந்ததும் தாயை உட்கார வைத்துத் திரையைத் திருப்பினார். நான் அக்கா பக்கம் இருந்ததால் படத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைத்தான் பார்த்தேன். தோள் இறங்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

“இது யாரோ மாதிரி இருக்கே. இவதானா?”

அக்கா ஒரு கணம் திகைத்தார். இந்த முகத்தைப் பார்த்தே இராதவளுக்கு எப்படி அடையாளம் தெரியும்? திரையை மெல்லக் கணவன் பக்கம் நகர்த்தினார். அவன் தோள்கள் அப்படியே தொய்ந்தன.

“இவதான். இந்தக் குல்லா நர்ஸ் போட்டது. இந்த டியூப் அடுத்த நாளே எடுத்துட்டாங்க. அன்னிக்குத்தான் மொதல்ல காலை உதைச்சா. நீ முழிச்சதும் காட்டணும்னு அதுக்காகத்தான் எடுத்தேன்.” விரலைத் திரையில் கீழே கொண்டுபோனவன் நின்றான். “கால் எங்கக்கா?”

“கால் வராது தம்பி. எல்லா இடத்துலயும் பார்த்துட்டேன்” என்றார் அக்கா. அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. தோற்றுப்போன குரல்.

தாய் படம் முடிந்துபோன இடத்தில் விரலை வைத்தாள். “அப்போ இதையும் நான் பார்க்கல” என்றாள். மடியில் இருந்த குழந்தை அவளுடைய தாலியை இழுத்து வாயில் வைத்துக் கடித்தது. கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். குழந்தையின் காலுறையை உருவி எடுத்தார். உதறிய அந்தக் காலைப் பிடித்துத் தாயின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.