முதலில் போனை வைக்காத வெர்லா

வெர்லா ஹாகன் போனை முதலில் வைப்பதில்லை. எதிர்முனையில் இருப்பவர் "சரிங்க, அப்ப வெச்சிடறேன்" என்று சொல்லி, பனியைப் பற்றிக் கொஞ்சம் பேசி, மறுபடியும் "சரி, வெச்சிடறேன்" என்று சொல்லி, பையனின் ஹாக்கி ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசி, மூன்றாம் தடவையாக விடைபெற்ற பிறகும் அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மாட்டார். வலது கையில் பென்சில் தயாராக இருக்கும்.

"எங்க ஊர்க்காரங்க விஷயத்தைக் கதவுகிட்ட போனப்புறம்தான் சொல்லுவாங்க" என்பார். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற எங்கள் டுலூத்தில் ஒரு வீட்டுக்காவது விருந்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கிளம்புகிறேன் என்று எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நாற்பது நிமிஷம் நிற்பார்கள். சாப்பாட்டு மேஜையில் வராத விவாகரத்தும் வியாதியும் அங்கேதான் வெளியே வரும்.

வெர்லாவுக்கு அறுபத்திரண்டு வயது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் எதிக்ஸ் ஆபீஸ் என்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறார். நாலாயிரம் பேர் வேலை பார்க்கிற இடம். யாராவது தப்புச் செய்வதைப் பார்த்தால், பெயர் சொல்லாமல் கூப்பிட ஒரு நம்பர் உண்டு. எல்லாக் கழிவறைக் கதவுகளுக்கும் உட்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும். அந்த நம்பரில் மணி அடித்தால் எடுப்பது வெர்லா.

முதலில் அந்த நாற்காலியில் ஒரு வக்கீலை உட்கார வைத்தார்கள். ஒரு வருஷம் முழுக்க இரண்டே போன், அதில் ஒன்று ராங் நம்பர். அப்புறம்தான் யாருக்கோ புத்தி வந்து, உதிரிபாகக் கிடங்கின் கவுன்ட்டரில் பத்தொன்பது வருஷம் நின்ற வெர்லாவைக் கூப்பிட்டார்கள். திருகாணி கேட்டு வருகிறவன் உண்மையில் எதைக் கேட்டு வந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பது அவருக்குப் பழக்கமான வேலை.

அறை தரைத்தளத்தில் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். அதில்தான் சங்கடம். கம்பெனிக்குள் தனியாகப் பேச இடமில்லாததால், கூப்பிடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தக் கார்களுக்குள் இருந்துதான் கூப்பிடுவார்கள், இன்ஜினை ஓட விட்டு, தலையைக் குனிந்து. அதனால் மணி அடித்ததும் வெர்லா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சுவரில் ஒரு டயர்க் கடை காலண்டரைத் தவிர எதுவும் கிடையாது. "யாருன்னு பாத்துட்டா அப்புறம் என் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும். எனக்கு மூஞ்சிய மறைக்கத் தெரியாது" என்பார். அது அப்பட்டமான பொய் என்பது என் கட்சி. காரணம் பிறகு சொல்கிறேன்.

மஞ்சள் தாளில் நடுவே ஒரு கோடு போட்டு வைத்திருப்பார். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் கேட்டது. "பாத்ததா, கேட்டதா?" என்பது அவருடைய மூச்சு மாதிரி. கான்டீனில் ஒருவர், டேட்டர் டாட் ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தில் இன்றைக்குக் காளான் போட்டிருக்கிறார்கள் என்று முகம் சுளித்தால், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "பாத்ததா, கேட்டதா?" காதல் விவகாரங்களிலும் இதே கேள்விதான். இதனால் அவர் உட்காரும் மேஜையில் வம்பு வளர்வதே இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஒற்றை விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் வைப்பார். கிராமத்து ரோடுகளில் எல்லாரும் செய்வதுதான். இவர் நகரத்துக்குள்ளும் செய்வார். ஒருமுறை என் கார் பழுதாகி அவருடைய துருப்பிடித்த ப்யூக் காரில் போனபோது, "இவங்களையெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சவங்களான்னு பாத்துப் பாத்து விரலைத் தூக்கினா, ரோட்டை யாருப்பா பாக்கறது?" என்றார்.

இனி என் கதை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி. நான் அதே கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். ஃபர்னஸுக்குள் நெருப்பு எரிகிற இரும்புப் பெட்டியைப் பத்தாயிரம் தடவை சூடாக்கி ஆறவைத்து, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. விரிசல் விட்டால் புகைக்காற்று வீட்டுக் காற்றில் கலக்கும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

புதிதாக ஒருவரிடம் வாங்கிய பெட்டிகளில் ஐந்தைச் சோதித்தோம். ஆறாயிரத்தைத் தாண்டும்போதே மூன்றில் விரிசல். என் மேலதிகாரி ரோலண்ட் "கருவியில கோளாறு" என்று சொல்லி, ஐந்தும் பத்தாயிரம் தாங்கியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரோலண்ட் கெட்டவர் இல்லை. நான் வந்த முதல் குளிர்காலத்தில் கேட்காமலேயே என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர். அதுதான் என் வாயை இன்னும் இறுக்கிக் கட்டியது. அந்தப் பெட்டிகள் பொருத்திய ஆயிரத்து நூற்று நாற்பது ஃபர்னஸ்கள் கிடங்கில் நின்றன. வெள்ளிக்கிழமை லாரி ஏறும்.

என் விசா கம்பெனியின் கையில். வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். மகள் மூன்றாம் வகுப்பு. புதன்கிழமை மதியம் காருக்குள் உட்கார்ந்து அந்த நம்பரைக் கூப்பிட்டேன், குரல் தெரியக் கூடாது என்று கம்பளித் துண்டை வாயில் சுற்றிக்கொண்டு. அந்தத் தொழிற்சாலையில் தமிழன் நான் ஒருவன்தான் என்பதும், துண்டுக்கு உச்சரிப்பை வடிகட்டத் தெரியாது என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்குள் இந்த ஊர் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. "பெரிசா ஒண்ணும் இல்லீங்க" என்று ஆரம்பித்து, கூடத்தின் ஜன்னல் சரியாக மூடுவதில்லை என்று பத்து நிமிஷம் புகார் சொன்னேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். சரி, வைக்கிறேன் என்றேன். குளிர் அதிகம் என்றேன். வைக்கிறேன் என்றேன். மறுபடியும் வைக்கிறேன் என்றேன். அவர் வைக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு தெரிந்தது, சாம்பல் நிற ஸ்வெட்டர், சுவரைப் பார்த்த நாற்காலி. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில்தான் எனக்கு வாய் திறந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாத்ததா, கேட்டதா?" என்றார்.

"பாத்தது."

"எத்தனை பெட்டியில?"

"மூணு. நகத்தை வெச்சுத் தடவிப் பாத்தேன். மாட்டுச்சு."

"தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுலயும் விரிசல் இல்லன்னு."

பென்சில் ஓடும் சத்தம். பிறகு, "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க. புதுசா எதுவும் செய்யாதீங்க. வழக்கமா என்ன சாப்பிடுவீங்களோ அதையே சாப்பிடுங்க" என்றார். நான் வைத்த பிறகுதான் அவர் வைத்தார்.

அடுத்தது நான் கேட்டது, பார்த்ததில்லை. லாரிகளைக் கவனிக்கிற ஆர்விட் சொன்னார். வியாழக்கிழமை வெர்லா துணைத்தலைவரிடம் போய், லாரியை நிறுத்தச் சொன்னாராம். அவர், திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம், கடைகள் காத்திருக்கின்றன என்றாராம். வெர்லா குரலை உயர்த்தவில்லை. மஞ்சள் தாளில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, நடுவே கோடு போட்டு அவர் முன்னால் வைத்தாராம். "அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க சார். நீங்க கண்ணால பாத்தது என்ன, காதால கேட்டது என்னன்னு இதுல எழுதி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க." துணைத்தலைவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாராம். வெள்ளிக்கிழமை லாரிகள் காலியாக நின்றன. அது மட்டும் நான் என் கண்ணால் பார்த்தது.

திங்கட்கிழமை விசாரணை. கூடத்தில் இருந்த ஐந்து பேரையும் வெர்லா ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார், ஆளுக்குச் சரியாக இருபது நிமிஷம், ஒரே ஏழு கேள்வி. என் முறை நான்காவது. அறைக்குள் போனதும், "உக்காருப்பா, காபி வேணுமா?" என்றார். பிறகு, இதைப் பற்றி இதுவரைக்கும் யாரிடமாவது பேசினாயா என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். அவர் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. "அது என் ஏழு கேள்வியில இல்ல, தப்பாக் கேட்டுட்டேன், விட்டுடு" என்று தானே அடித்துவிட்டு, முதல் கேள்விக்குப் போனார். புதன்கிழமை சொன்ன அதே மூன்று பெட்டி, அதே நகம், அதே உச்சரிப்பு. முதல்முறை கேட்பவர் போல எல்லாவற்றையும் எழுதினார். மூஞ்சியை மறைக்கத் தெரியாதாம்!

பெட்டிகள் அத்தனையும் கழற்றப்பட்டு வேறு பொருத்தப்பட்டன. ரோலண்ட் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். அறிக்கையில் 'தகவல் தந்தவர்' என்று மட்டும் இருந்தது. ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் கழித்து கிரீன் கார்டு வந்தது.

அந்த வருஷம் கம்பெனி வெளியிட்ட 'எங்கள் சமூகப் பொறுப்பு' என்கிற வழவழ புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பச்சைப் பனியன் போட்டுக்கொண்டு ஊழியர்கள் ஏரிக்கரைப் பூங்காவின் பெஞ்சுகளுக்கு வர்ணம் அடிக்கிற படம்தான் அட்டையில். வருஷா வருஷம் அதே பெஞ்சுக்குத்தான் அடிக்கிறோம், படத்துக்கு ஏரி நன்றாக விழும் என்பதால். பெயின்ட்டைச் சுரண்டினால் பெஞ்சு பாதிதான் மிஞ்சும். படத்தின் ஓரத்தில் வெர்லா பிரஷ்ஷோடு குனிந்திருக்கிறார். "நல்ல புஸ்தகம்ப்பா, கனமா இருக்கு" என்று சொல்லி, தன் மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

நன்றி சொல்ல எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். சொன்னால் நான்தான் கூப்பிட்டேன் என்று ஆகிவிடும், அவருக்கு அது தெரியக் கூடாது. தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் கான்டீனில் துணிந்து, "வெர்லா, அந்த ஜனவரியில..." என்று ஆரம்பித்தேன். "அந்த ஜனவரி ரொம்பக் குளிர்ப்பா" என்று எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டைப் பாதியாக வெட்டி என் பக்கம் தள்ளினார். இந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். நான் என் பாதியைப் பாதியாக்கி வைத்தேன். பேச்சு அதோடு போயிற்று. இப்போது தமிழில் எழுதுகிறேன். அங்கே ஒருவருக்கும் படிக்க வராது.

போன மாதம் ஒருநாள் காலையில் குளிர் மைனஸ் முப்பது. எங்கள் வீட்டு ஃபர்னஸ் அந்த ஆயிரத்து நூற்று நாற்பதில் ஒன்று, பெட்டி மாற்றிய பிறகு ஊழியர்களுக்குச் சலுகையில் கொடுத்தது. அதற்கு நேர் மேலேதான் மகளின் அறை. அவள் கொட்டாவி விட்டபடி இறங்கி வந்து, "அப்பா, பால் தீந்துபோச்சு" என்றாள். இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அன்றைக்குக் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை எந்தப் பத்திரிகை போடும்?

மதியம் காரிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டேன். துண்டு சுற்றவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பியது.

"புகார் எதுவும் இல்லீங்க. நன்றி சொல்லணும்."

"நன்றி எழுத இந்தத் தாள்ல இடம் இல்லீங்களே."

"எழுத வேணாம். காதுல வாங்கிக்கிட்டா போதும்."

"பாத்ததா, கேட்டதா?" என்றார்.

"பாத்தது. இன்னிக்குக் காலையில. என் பொண்ணு எழுந்து வந்தா."

பென்சில் சத்தம் கேட்கவில்லை.

"சரிங்க, வெச்சிடறேன்" என்றேன். குளிர் அதிகம் என்றேன். அவரும் ஆமாம் என்றார். வைக்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன், மூன்றாம் முறையும் சொன்னேன். எனக்கு வேறு எதுவும் சொல்வதற்கு இல்லை, ஆனாலும் வைக்கக் கை வரவில்லை. அவரும் வைக்கவில்லை. காலண்டரைப் பார்த்தபடி, ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே, ரிசீவரைப் பிடித்திருந்த கையிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.