டிவிக்கு முதுகு இருக்காது

என் அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். யாரையும் எடுத்த எடுப்பில் நம்பக் கூடாது என்பது அவருடைய உத்தியோக தர்மம். வேலை முடிந்து வந்ததும் கறுப்புக் கோட்டோடு அதையும் ஆணியில் மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. பால்காரர் தொடங்கிப் போதகர் வரை, சிகந்திராபாத் மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குள் நுழைகிற எல்லோரையும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் அந்தப் பார்வை அப்படியே வந்திருந்தது. வீட்டில் என்னைச் 'சின்ன டிடிஇ' என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் சந்தேகத்தில் பெரும்பங்கு மாமாவுக்குப் போனது. அம்மாவின் தம்பி. உப்பலில் ஒரு டிவி தொழிற்சாலையில் வேலை, சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். பிக்சர் ட்யூபைப் பெட்டிக்குள் பொருத்தி, படம் கோணாமல் நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நாள் முழுக்க டிவி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. இனிமேல் என்னென்ன டிவி வரும், படம் எதில் பார்ப்போம், பாட்டு எதில் கேட்போம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிறவர்கள் நம்பவில்லை என்றால் இன்னும் உற்சாகமாகச் சொல்வார்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வருஷக் கடைசி ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்து வருவோம். வரப்போகும் வருஷத்துக்கான வசனம் அதில் இருக்கும். அம்மா அவற்றை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைப்பார். மறுநாள் மதியம் பிரியாணி முடியும் நேரத்தில் மாமா தன் பங்குக்கு வாக்குத்தத்தங்களை அள்ளி வீசுவார். போன வருஷம் சொன்னவை என்னாயிற்று என்று அப்பா விசாரிப்பார். தீர்ப்பெல்லாம் ரயில்வே பாஷையில்தான். பலித்திருந்தால் கன்ஃபர்ம். பாதி பலித்திருந்தால் ஆர்ஏசி, அதாவது உட்காரலாம், படுக்க முடியாது. மற்றதெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்.

வீடியோ கேசட் கடைகள் மூடப்படும் என்றார் ஒரு வருஷம். தெருமுனைக் கடைக்காரர் கேசட்டுகளை ஒழித்துவிட்டு சிடிகளை அடுக்கினார். "கேசட்டுதான் போச்சு மாப்ளே, கடை அங்ஙனதானே இருக்கு?" என்று அப்பா ஆர்ஏசி கொடுத்தார். சினிமாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவோம் என்றதற்கு வெயிட்டிங் லிஸ்ட். டிவியில் பிரியாணியைக் காட்டினால் வாசனை வரும் என்றதை மட்டும், டிக்கெட் இல்லாத பயணி என்று பாதி வழியிலேயே இறக்கிவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் தேடினார்கள். பொலாரத்தில் ஒரு நல்ல குடும்பம், பெண் கணக்கு டீச்சர். சர்ச் விற்பனை விழாவில் இரண்டு பேரும் தூரத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். யாரையும் நம்பாத மனிதர் இன்னொருவருக்காகச் சொன்ன வாக்கு என்பதால் அவர்களும் மறுபேச்சில்லாமல் நம்பினார்கள். பெண் பார்ப்பது என்று பெரிதாக வைக்காமல், புது வருஷ விருந்துக்கு அவர்களை வீட்டுக்கு அழைப்பதாக ஏற்பாடு. பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் வெறும் பிரியாணி. அம்மா உபவாசம் இருந்து ஜெபித்தார்.

மாமா மட்டும் சரியில்லை. கேட்டதற்கெல்லாம் சரி என்றார், ஆனால் முகத்தில் களையே இல்லை. "இவன் மனசு வேற எங்கயோ கிடக்கு" என்றார் அப்பா. மாமா சிகந்திராபாத் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது, துணைக்கு என்று சொல்லி என்னையும் அனுப்பினார். எனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும்.

மாமா நேராக ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனார். குளிர்சாதன அறையின் நடுவில் ஒரு வெளிநாட்டு டிவி, பரீட்சை அட்டை போலத் தட்டையாக நின்றது. மாமா அதன் முன்பக்கம் நிற்கவே இல்லை. பக்கவாட்டில் போய்க் குனிந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே நின்ற விற்பனைப் பெண்ணிடம் ஏதோ கேட்டார், அவள் சிரித்தாள். உதட்டுச் சாயம் வேறு. திரும்பும் வழியில் எனக்கு எப்போதும் வாங்கித் தரும் உஸ்மானியா பிஸ்கட்டையும் மறந்துவிட்டார். காதலித்தால் இப்படித்தான் மறதி வரும் என்று சினிமாக்களில் பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"சிரிச்சாளா?"

"நல்லா சிரிச்சாப்பா."

அப்பா மீசையைத் தடவினார். எனக்கு அழுகை முட்டியது. மாமா அந்தச் சாயக்காரியோடு போய்விட்டால் எனக்கு யார் கணக்குச் சொல்லித் தருவார்கள் என்று பயமாக இருந்தது.

விருந்து நாள் வந்தது. பெண், அவருடைய அப்பா, அம்மா மூவரும் வந்தார்கள். பெண்ணின் அம்மா "நக்கோ, நக்கோ" என்று கையால் மறைக்க மறைக்க, என் அம்மா அவர் தட்டில் கறியை வைத்தார். எல்லாம் நல்லபடியாகப் போனது. விசாரணையை அந்த வருஷம் வேண்டாமென்று அப்பா விட்டுவிட்டார், பேச்சைத் தட்பவெப்பத்தின் பக்கம் திருப்பினார். அப்போதுதான் மாமா தொண்டையைச் செருமினார்.

"அத்தான், இந்த வருஷம் நான் ஒண்ணும் சொல்லலையே."

கூண்டில் ஏற்றினாலே நெளிகிறவர் அன்று தானாக ஏறினார். எனக்குச் சந்தேகம் தலைக்கேறியது.

"பொறவு சொல்லலாம்லா மாப்ளே" என்றார் அப்பா. மாமா கேட்கவில்லை. பிரியாணித் தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"இனிமே டிவிக்கு முதுகு இருக்காது. சுவத்துல காலண்டர் மாதிரி தொங்கும். ட்யூபே கிடையாது. ட்யூப் டிவி செய்யுத கம்பெனி எல்லாத்தையும் மூடிருவாங்க. முதல்ல எங்க கம்பெனியைத்தான் மூடுவாங்க."

பெண்ணின் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அப்ப உங்க வேலை தம்பி?"

"இருக்காது சார்."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அப்பாவின் முகம் சிவந்தது. "கைக்குப்பா, எதுக்கு இப்ப இதெல்லாம்? வெயிட்டிங் லிஸ்ட்! சார், இவன் விளையாடுதான். சுவத்துல டிவியாவது தொங்குறதாவது!" என்று சிரிக்கப் பார்த்தார். எனக்கு மாமாமேல் அப்படியொரு கோபம். சாயக்காரிக்காக வேண்டுமென்றே கெடுக்கிறார், இதோ கையும் களவுமாகப் பிடிபட்டார் என்று நினைத்தேன். அப்பாவும் அதையே நினைத்தார் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

அதுவரை வாய் திறக்காத பெண் அப்போது கேட்டார். "சுவத்துல மாட்டின டிவி ரிப்பேரே ஆவாதா?"

மாமா அன்று முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "ஆகும். இதைவிட சீக்கிரமாவே ஆகும்."

"அப்ப அதை யாரு கழட்டிப் பார்ப்பா?"

"கத்துக்கிட்டா நான் பார்ப்பேன்."

"கத்துக்கோங்க" என்றார் அவர், கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வதுபோல. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் தால்ச்சா ஊத்துங்களேன்" என்றார்.

இப்போது மாதாப்பூரில் என் வீட்டுச் சுவரில் முதுகில்லாத டிவி தொங்குகிறது. சினிமா எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பிரியாணி வாசனை மட்டும் இன்னும் ஏறவில்லை. உப்பல் தொழிற்சாலை இருந்த இடத்தில் ஒரு ஃபங்ஷன் ஹால் வந்துவிட்டது. மாமா தட்டை டிவிகளைக் கழற்றிப் பார்க்கும் கடை வைத்திருக்கிறார், பள்ளிக்கூட வேலை முடிந்ததும் அத்தை மாலையில் அங்கே வந்து உட்காருவார். வேலை போகும் என்பதை ஷோரூமில் அந்த டிவியின் முதுகைத் தேடிப் பார்த்த அன்றே மாமா உறுதி செய்துகொண்டார் என்பதும், பொய்யான வாக்கை நம்பி அந்தப் பெண் வரக் கூடாது என்றுதான் சபையில் போட்டு உடைத்தார் என்பதும் எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது.

அன்று அவர்கள் விடைபெற்றுப் போனதும் அப்பா என்னிடம், "பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. சம்பந்தமே கவுந்து போச்சு, அவ டிவி ரிப்பேரைப் பத்திக் கேக்கா" என்றார். நானும் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன். டிக்கெட் பார்ப்பதில் கெட்டிக்காரர்களான எங்கள் இருவருக்கும், கண்ணெதிரே இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து வண்டியும் கிளம்பிவிட்டது மட்டும் தெரியவில்லை.