டைகர் ஏன் உறுமியது?

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாஸ்டர் பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எல்லாம் என் மனைவி சிரித்த சிரிப்பால் வந்த வினை.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஈப்போவில் எங்கள் தெருவுக்கே அவர்தான் நீதிபதி. அவர் வீட்டு நாய் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரைக் கண்டால் மட்டும் உறுமுகிறதாம். காரணமே இல்லையாம்.

"நாய்க்கு ஆக்களைத் தெரியும் தம்பி. அந்த ஆளிட்ட ஏதோ பிழை இருக்கு" என்றார்.

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள்... தன்னைத்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார் பாவம். உண்மையில் அவள் சிரித்தது வேறொரு நாயை நினைத்து. விளக்கம் கேட்க அவர் நிற்கவில்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது, இல்லையா?

எழுபதுகளின் தொடக்கம். ஈப்போ தபால் நிலையத்தில் ஸ்டாம்பு விற்றுக்கொண்டிருந்தேன். கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து டிரஸ்ஸருக்கு ஒரு மகள், பெயர் ரோசலின் என்று சொன்னார்கள். பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செமோரிலிருந்து பெரியப்பாவை வரவழைத்துக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பினேன்.

டிரஸ்ஸர் என்றால் மருந்து கொடுப்பவர், தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே ராஜா. வீடும் அப்படித்தான் இருந்தது. பிரம்பு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் பூ வேலை செய்த துணி, தரை வரை தொங்குகிறது. எனக்கென்று ஒன்றைக் காட்டினார்கள். உட்கார்ந்து, நீட்டிய முறுக்கில் ஒன்றை எடுத்தேன்.

"உர்ர்ர்ர்..."

காலடியில் ஒரு கறுப்பு நாய். பெயர் டைகராம். பெயருக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பல்லுக்கும் பெயருக்கும் சம்பந்தம் இருந்தது! வலது காலை அசைத்தேன், உறுமல். இடது காலை அசைத்தேன், இன்னும் பெரிய உறுமல். நான் அந்த நாய்க்கு என்ன கெடுதல் செய்தேன்? தபால்காரன் என்று யாராவது தப்பாகச் சொல்லிவிட்டார்களா?

வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டைகருக்கு ஆளுங்கள நல்லா தெரியும் லா" என்றார் டிரஸ்ஸர், கவலையோடு.

அவர் மனைவி என் பெரியப்பாவிடம் விளக்கினார். "போன மாசம் ஹுத்தான் மெலிந்தாங்லேர்ந்து ஒரு மாப்பிள்ள வந்தாருண்ணே. இதே மாதிரிதான் உறுமுச்சு. அப்புறம் விசாரிச்சா அவருக்கு அங்க ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி, ரெண்டு புள்ள!"

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், உனக்கு அப்படி ஏதாச்சும் இருக்கா?"

சொந்தப் பெரியப்பாவே கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த நேரம் பார்த்து ரோசலின் கோப்பித் தட்டோடு வந்தாள். பார்த்தேன். பிடித்துவிட்டது. இந்தப் பெண்தான் என்று மனம் முடிவே செய்துவிட்டது. அங்கேயோ என் தலைவிதியை ஒரு நாய் எழுதிக்கொண்டிருக்கிறது!

குனிந்தேன். நாற்காலித் துணி லேசாக விலகியது. உள்ளே... நல்ல சதையோடு ஓர் ஆட்டெலும்பு. சும்மா கிடக்கவில்லை. நாற்காலிக் காலில் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. நாயால் இழுத்துக்கொண்டு ஓடவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. பக்கத்தில் எவன் கால் வந்தாலும் உறுமத்தானே செய்யும்?

நிமிர்ந்தேன். ரோசலின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் பட்டதும் தட்டைச் சட்டென்று பெரியப்பா பக்கம் திருப்பினாள். கட்டியது யார் என்று கேட்கவே தேவையில்லை.

எனக்கு வலித்தது, சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாமே... ஒரு நாயை விட்டா சொல்ல வேண்டும்? எலும்பைக் காட்டி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். ஆனால் அவள் மானம் போயிருக்கும். பெரியப்பா வேறு அங்கேயே சாமியாடியிருப்பார்.

துணியைச் சரியாக இழுத்துவிட்டேன். "நான் புது ஆளு, அதான் உறுமுது. நல்லா யோசிச்சு பதில் சொல்லுங்கய்யா" என்று டிரஸ்ஸரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஈப்போ வரும்வரை பெரியப்பா பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் டிரஸ்ஸரிடமிருந்து ஆள் வந்தது. டைகருக்கு அன்று வயிறு சரியில்லை என்று மகள் கண்டுபிடித்துச் சொன்னாளாம். தோட்டத்தில் யாருக்கு என்ன வந்தாலும் கொடுக்கும் அதே வெள்ளை மருந்தை நாய்க்கும் ஊற்றிவிட்டாராம். இப்போது தேவலாம், மறுபடி வாருங்கள் என்றார்கள்.

போனோம். அதே நாற்காலி. உட்கார்ந்ததும் குதிகாலால் மெல்லத் துழாவினேன். ஒன்றும் இல்லை! டைகர் வந்து என்னை ஒரு முறை முகர்ந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு போய்... பெரியப்பாவின் நாற்காலி முன்னால் படுத்துக்கொண்டது.

பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம். பேரம் பேசும்போது முன்னால் சாய்ந்து காலைத் தட்டுவார். முதல் தடவை பேச முடியாமல் போன விஷயத்தை இப்போது எடுத்தார்.

"மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் குடுத்தீங்கன்னா..."

"உர்ர்ர்ர்!"

டிரஸ்ஸரின் முகம் மாறியது. பெரியப்பா காலை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி சாய்ந்தார்.

"பெருசா ஒண்ணும் வேணாம், சின்ன மோட்டார்..."

"உர்ர்ர்ர்!"

எல்லாரும் பெரியப்பாவையே பார்த்தார்கள். ஹுத்தான் மெலிந்தாங்காரரைப் பார்த்த அதே பார்வை.

"மோட்டார் எதுக்கு லா!" என்றார் பெரியப்பா அவசரமாக. "அதான் பஸ்ஸு ஓடுதே!"

நான் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன். ரோசலின் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். கல்யாணம் முடிவாயிற்று. டைகர் சம்மதம் சொல்லிவிட்டதாகக் கடைசிவரை மாமனார் நம்பினார்.

கல்யாணம் ஆன பிறகு கேட்டேன். "முதல்ல என்னை வேணாம்னுதானே கட்டின?"

"மூஞ்சியே பாக்காம வேணும், வேணாம்னு எப்படிச் சொல்றது? வந்த எல்லாருக்கும்தான் கட்டினேன். ஒருத்தரு டைகர எட்டி உதைச்சாரு. ஒருத்தரு நாற்காலி மேல ஏறி நின்னுட்டு எங்கப்பாவத் திட்டினாரு. குனிஞ்சு பாத்தவரு நீங்க ஒருத்தருதான். பாத்துட்டும் என்னைக் காட்டிக் குடுக்கல..." என்றவள், கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நாய்க்கு ஆளு தெரியாதுங்க. நான்தான் தெரிஞ்சுக்கணும்."

இப்படி ஒருத்தி நம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பது சின்ன விஷயமா?

அன்று நான் குனிந்தது கை நழுவி விழுந்த முறுக்கை எடுக்க. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ரோசலின் படிப்பதில்லை... படிக்கிற நீங்களும் தயவுசெய்து காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.