பதினாறு கோர், ஒரு டிஸ்க்

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில், ஒரு வீட்டுப் பூஜை அலமாரிக்குள் சாமி மூச்சு விடுகிறார் என்று ஒரு பேச்சு. கதவில் காதை வைத்தால் உஸ்ஸென்று கேட்குமாம். கையை வைத்தால் சுடுமாம். திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்த் திரும்பிய இரண்டு பெண்கள் அந்த வாசலிலும் ஒரு சூடம் ஏற்றிவிட்டுத்தான் பஸ் பிடித்தார்களாம். இந்தக் காலத்தில் சாமி லேசாக இருமினாலே யாராவது ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார்கள். மூச்சு விட்டும் ஒரு வீடியோ வரவில்லையே என்ற சந்தேகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன்.

மாடி வீடு. கதவைத் திறந்த பொன்னி, வந்த விஷயத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அது அக்னி நட்சத்திரத்தோட நின்னுபோச்சுங்க."

"எது?"

"மூச்சுதான்."

அலமாரியைத் திறந்து காட்டினார். முருகன் படம், விளக்கு, ஒரு சிறிய பித்தளைத் தட்டு. தட்டில் பிஸ்கட் அளவில் ஒரு சதுரச் சில்லு. அதன் நடுவில் கருகிப்போன சந்தனப் பொட்டு.

"படத்துக்குப் பக்கத்துல ஒரு கறுப்புப் பொட்டி இருந்துச்சுங்க. அதுதான் மூச்சு விட்டுக்கினு இருந்துச்சு. மிச்சத்த எங்க வீட்டுக்காரரையே கேளுங்க. லேசுல சொல்ல மாட்டாரு."

வீட்டுக்காரர் மணிமாறன். திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வக உதவியாளர். பதினெட்டு வருடமாகக் காலை பாசஞ்சரில் போய் மாலை ரயிலில் திரும்புகிறார். கல்லூரியில் அவரை விரிவுரையாளர்கள் கூப்பிடும் விதம், "மணி, இந்த பிரிண்டரைக் கொஞ்சம் பாரு." ரயிலில் மட்டும்தான் அவர் 'சார்'. எந்த போன் வாங்கலாம், பையனை எந்த கோர்ஸில் சேர்க்கலாம் என்று அந்தப் பெட்டியே அவரிடம் கேட்கும். காலையில் ஐம்பது நிமிடம், மாலையில் ஐம்பது நிமிடம், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெட்டியில்தான் ஒருநாள் அறிவித்தார். வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர் வைக்கப் போகிறார். ஒரே மிஷினுக்குள் நாலைந்து கம்ப்யூட்டர் ஓடும். ஒன்று மாணவர்கள் பழக, ஒன்று வாசல் கேமராவுக்கு, ஒன்று போட்டோ, வீடியோ, பத்திரங்களைப் பத்திரமாக வைக்க. ரயில் நண்பர்களுக்கு இலவசம்.

பிறகு எட்டு மாதம், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைத் தேடும் படலம்; அதற்குள் எத்தனை கோரோ, அத்தனை கை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை ஜாதகம் புரட்டியிருக்க மாட்டார்கள். தாலுகா ஆபீஸ் குமரேசன் தினமும் ஏறியதும் கேட்பார்.

"சார், எத்தினி கோருல வந்து நிக்குது?"

"எட்டுங்க."

"எட்டா? எங்க மச்சான் பையன் கேம் ஆடுறதுக்கே எட்டு வெச்சுக்கினு இருக்கான். ஊருக்கே பொட்டகம் வெக்கிறவரு நீங்க, எட்டுன்றீங்களே!"

மறுநாள் அது பன்னிரண்டு ஆனது. நடுவழியில் ஏறிய இன்னொருவரும் அதையே கேட்ட அன்று பதினாறு.

திண்டிவனம் மேம்பாலத்துக்கு அடியில் தேவா என்பவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மணிமாறனின் ஆய்வகத்தில் படித்து, பாதியில் நின்றவர். சாமான் வாங்கித் தரச் சொல்லி மணிமாறன் அவரிடம் பட்டியலை நீட்டினார். தேவா படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. பொருளப் பத்திரமா வெக்கிற மிஷினுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய பிராசசரு? நாளெல்லாம் ஓடணும். நாலு கோரு, சூடு கம்மியா இருக்கிறது, மெமரில தப்பு வந்தா கண்டுபிடிக்கிறது, அது போதும். மிச்சத்துல ரெண்டாவது டிஸ்க் வாங்குங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்."

"நீ மூணாவது செமஸ்டர்லயே நின்னவன்டா," என்றார் மணிமாறன். சொன்னதோடு விட்டிருக்கலாம். மாலை ரயிலில் அதை நடித்தும் காட்டினார். பெட்டி சிரித்தது.

பதினாறு கோர் வந்தது. அதோடு கையிருப்பு தீர்ந்தது. டிஸ்க் ஒன்றே ஒன்று.

ஆயுத பூஜையன்று பாகங்களைச் சேர்த்து மிஷினைப் பூட்ட நல்ல நேரம் குறித்தார்கள். ரயில் நண்பர்கள் பத்துப் பேர் பொரி, சுண்டலோடு கூடியிருந்தார்கள். தட்டில் வெற்றிலை மேல் பிராசசர். லேத்து மிஷினுக்கும் லாரிக்கும் வைப்பதைப்போல அதற்கும் பொன்னி சந்தனம் வைத்துவிட்டார், தாராளமாகவே. அந்தப் பரப்பு துடைத்த கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு பசையைத் தடவி விசிறிக் கட்டையை இறுக்கினால்தான் சூடு வெளியேறும். இதை வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லித் தருபவரே மணிமாறன்தான்.

"துடைக்கலாம்னு துணிய எடுத்தேங்க," என்றார் என்னிடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "பத்து பேரும் கன்னத்துல போட்டுக்கினு நிக்கிறாங்க. சாமிக்கு வெச்ச சந்தனத்த எப்பிடித் துடைக்கிறது? நல்ல நேரம் முடிய ஆறு நிமிஷம். அப்புறமா கழட்டித் துடைச்சுக்கலாம்னு மேலயே பசையத் தடவி இறுக்கிட்டேன்."

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. பூஜை செய்த பொருள் என்பதால் பெட்டி அலமாரிக்குள்ளேயே குடியேறியது. கதவும் சாத்தப்பட்டது. விசிறி உயிரைக் கொடுத்துச் சுற்றியது. சாமி மூச்சு விடத் தொடங்கிய கதை இதுதான்.

ஒரு டிஸ்க்தான் இருக்கிறதென்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. அதற்கு ஒரு வழி செய்தார். அந்த ஒரே டிஸ்க்குக்குள் கற்பனையாக இரண்டு டிஸ்க் உண்டாக்கி, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் பதியும்படி அமைத்தார். ஒரே பீரோவின் இரண்டு தட்டில் பத்திரத்தின் இரண்டு நகலை வைத்துவிட்டு, பீரோவே எரிந்தாலும் ஒன்று மிஞ்சும் என்று நம்புகிற ஏற்பாடு. திரையில் மட்டும் பச்சை எழுத்தில் 'இரண்டு நகலும் நலம்' என்று வந்தது. அந்தப் பச்சையைப் படம் எடுத்து ரயில் குழுவில் போட்டார்.

பார்த்தவர்களில் சித்ராவும் ஒருவர். திண்டிவனத்தில் நர்ஸ். கணவர் குவைத்தில் டிரைவர். மகள் அஸ்வினிக்கு ஆறு வயது. பிப்ரவரியில் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் கரகம் ஆடியதை சித்ரா ஏழு நிமிடம் எடுத்திருந்தார். குவைத்துக்கு அனுப்ப அனுப்ப நின்றுபோனது. போனிலோ இடமில்லை.

"என்கிட்ட குடுங்கம்மா. எங்க வீட்ல ரெண்டு காப்பி இருக்கும்," என்றார் மணிமாறன். வீடியோவை சர்வரில் ஏற்றியபின், இரண்டு நாள் கழித்து ரயிலில் சித்ராவின் போனை வாங்கி, அந்த வீடியோவைத் தானே அழித்தார். குப்பைத்தொட்டிக்குள் போயும் அழித்தார். "இப்ப இடம் கெடச்சுதா?" என்று சிரித்தார்.

மே மாதம் அக்னி நட்சத்திரம். கதவு சாத்திய அலமாரி, பக்கத்தில் பதினாறு கோர். ஒரு மத்தியானம் டக், டக்கென்று சத்தம் வந்தது. டிஸ்க் போய்விட்டது. இரண்டு நகலும் ஒன்றாகவே போயின.

தேவாவின் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அவர் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார். தகடே கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் மீளாது என்று திரும்பி வந்தது. தேவா பெட்டியைக் கழற்றி, சிப்பைப் புரட்டிச் சந்தனத்தைப் பார்த்தார்.

"அவன் ஒரு வார்த்த கேட்டிருந்தாத் தேவலைங்க," என்றார் மணிமாறன். "'டீ சாப்பிடுறீங்களா சார்'னான்."

இப்போது வீட்டில் வேறு மிஷின். தேவா சொன்ன நாலு கோர், நிஜமாகவே இரண்டு டிஸ்க். கூடத்தில் ஜன்னலோரம் சத்தமில்லாமல் இருக்கிறது. மற்றவர்களின் படங்கள் அவரவர் போனிலும் இருந்தன, மறுபடி வாங்கிக்கொண்டார். சித்ராவிடம் மட்டும் கேட்க முடியாது. அழித்த கை யாருடையது?

பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். ஆண்டுவிழா வீடியோவில் சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசுகிறார். கரகம் ஒன்பது விநாடி வருகிறது. அதிலும் அஸ்வினி ஒரு தூணுக்குப் பின்னால். தலையில் இருக்கும் கரகமும் ஒரு கையும் தெரிகின்றன.

"அத எனக்குக் காட்டுங்க," என்றேன். காட்டினார். புது சர்வரில் 'சித்ரா' என்று ஒரு பெட்டகம். உள்ளே ஒன்பது விநாடி. இரண்டு டிஸ்க்கிலும் பத்திரமாக இருக்கிறது.

அந்த நேரம் அவர் போன் அடித்தது, சித்ரா. ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் தடுமாறினார். பதினெட்டு வருட அனுபவம்.

"சார், எங்க போய்ட்டீங்க? ஒரு மாசமா நம்ம பெட்டியிலயே காணோம். கடைசிப் பெட்டியில ஏறுறீங்கன்னு குமரேசன் சார் சொல்றாரு. எங்க வீட்டுக்காரரு தீபாவளிக்கு வர்றாரு சார். டிவில போட்டுக் காட்டணும். அஸ்வினி எப்ப எப்பன்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்கா. ஏழு நிமிஷந்தானே, ஜல்தியாக் குடுத்துடுங்க சார்."

பொன்னி சமையலறை வாசலில் வந்து நின்றார். மணிமாறன் திரையில் நின்றிருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை தர்றேம்மா," என்றார்.

"போன திங்கக்கிழமையும் இதத்தானே சொன்னீங்க," என்றார் சித்ரா.