மத்தியான நேரத்து அழைப்பு மணி

சில வருடங்களுக்கு முன்பு, மனைவிக்கு வியட்நாமில், பின்யுவோங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் காரைக்காலிலிருந்து அதற்குப் பக்கத்து நகரமான சைகோனுக்குக் குடிபோனோம். அவள் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஒன்பது வயது மகளைப் பள்ளி வேன் அழைத்துப் போய்விடும். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். பகல் முழுக்க அந்த அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும்தான்.

அந்த ஊரில் மத்தியானம் எல்லோரும் தூங்குவார்கள். ஆபீஸில்கூட விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். எங்கள் மாடியிலும் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமே இருக்காது. அப்படியொரு நேரத்தில்தான் முதல் தடவை மணி அடித்தது.

கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். நீளமான வராந்தா காலியாக இருந்தது. ஆனால் ஆள் நடமாடினால் மட்டும் எரிகிற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அதுவும் அணைந்தது.

அடுத்த நாளும் அடித்தது. ஒரு நாள் விட்டு மறுபடியும். ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும், ஆள் இருக்காது.

அது அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம். நாதியற்ற ஆவிகள் பசியோடு அலைகிற மாதம் என்று நடைபாதையில் கஞ்சியும் உப்பும் வைத்துக் காகிதப் பணத்தைக் கொளுத்துவார்கள். வராந்தா துடைக்க வரும் அம்மாவிடம் மணி விஷயத்தைச் சைகையில் சொன்னேன். அவர் முகம் மாறியது. என் கதவைத் தொட்டுக் காட்டி, "திறக்காதே" என்பதுபோல் கையை ஆட்டினார். மனைவியோ, "வயர்ல ஏதாவது கோளாறா இருக்கும், ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றாள். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மணி அடிக்கிறபோது கை தாழ்ப்பாள் வரைக்கும் போய் நின்றுவிடும்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. ஹாலில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மணி அடித்தது. நான் துளையில் கண்ணை வைத்தேன். வழக்கம்போல யாருமில்லை.

"அப்பா," என்றாள் மகள், படுத்தபடியே. "கதவுக்குக் கீழ பாருங்க. ரெண்டு கால் தெரியுது."

குனிந்து பார்த்தேன். கதவின் அடி இடுக்கில் இரண்டு சின்ன நிழல்கள், அசையாமல்.

திறந்தேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் சிறுமி. மகளின் வயதுதான், மாலையில் கீழே சேர்ந்து விளையாடுவார்கள். அவளுடைய அரசுப் பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அம்மா துணிக்கடையில் வேலை பார்ப்பதால் சாயங்காலம் வரை வீட்டில் ஆள் கிடையாது. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிவப்புத் துணியுமாகப் பள்ளிச் சீருடையிலேயே, கதவோடு கதவாக ஒட்டி நின்றிருந்தாள். அவ்வளவு ஒட்டி நின்றதால்தான் துளையில் தெரியவில்லை.

வராந்தா முனையிலிருந்து பீப் பீப் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். லிஃப்ட் கதவை மூடவிடாமல் ஒரு காலை வைத்தபடி, மேல் மாடிப் பெரியவர் நின்றிருந்தார். கட்டடத்துக் குழந்தைகளுக்கெல்லாம் குட்டி யோகர்ட் பாட்டில் கொடுப்பவர். பார்க்கும்போதெல்லாம் எனக்கும் தலையசைப்பவர். இப்போதும் அசைத்தார், அதே சிரிப்போடு. காலை எடுத்தார். கதவு மூடிக்கொண்டது.

சிறுமியை உள்ளே அழைக்க ஓரடி முன்னால் வைத்தேன். அவள் சட்டென்று சுவரோரம் ஒடுங்கினாள். என்னைப் பார்த்துத்தான் ஒடுங்கினாள். அந்தப் பார்வையில் எனக்கும் அந்தப் பெரியவருக்கும் வித்தியாசம் இல்லை. கதவை அகலத் திறந்துவிட்டு, பின்னால் போய் ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன்.

மகள் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த வியட்நாமிய மொழியில், "கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். சிறுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். "சரி" என்று மகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து அந்தப் பெண்ணே நகர்ந்து வந்து அவள்மேல் சாய்ந்தது.

பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அவள் பள்ளி விட்டு வருகிற நேரத்துக்கு அவர் லிஃப்டில் இருப்பார். தோளிலும் முதுகிலும் கை வைப்பார். பின்னாலேயே இறங்கி வருவார். வீட்டுக்கு ஓடிப் பூட்டைத் திறந்தால் அவரும் உள்ளே வந்துவிடுவார் என்று பயம். அதனால் எங்கள் மணியை அடிப்பாள். யாரோ கதவைத் திறப்பார்கள் என்று நினைத்து அவர் போய்விடுவார். அதன் பிறகு ஓடுவாள். அத்தனை நாளும் கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

சாயங்காலம் அவள் அம்மா வந்தார். விஷயம் கேட்டதும் நடுங்கிப்போனார். ஆனால் அவர் வாயில் முதலில் வந்தது, "அவர்கூட ஏன் லிஃப்ட்ல ஏறுன? அவர் குடுத்ததை ஏன் வாங்கிக் குடிச்ச?" என்பதுதான். கட்டட அலுவலகத்தில், வயசானவர், குழந்தைகள்மேல் பிரியம், இந்தப் பெண்தான் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசும் என்றார்கள். நம்மூர் நண்பர் ஒருவர் போனில், "வந்த இடத்துல நமக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்றார்.

என் மனைவி யாருடனும் சண்டை போடவில்லை. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், கேமரா பதிவைக் காட்டும்வரை அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காட்டினார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் தினமும் அதே நேரத்தில் அவர் வந்து காத்திருக்கிறார். கையில் பாட்டில். சிறுமி வந்ததும் பின்னாலேயே ஏறுகிறார். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா தன் மகளைப் பார்த்து, "உன்மேல தப்பில்ல, உன்மேல தப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் அந்தப் பெரியவரின் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஆனால் என்னை இன்றும் உலுக்குவது கேமரா பதிவைப் பார்த்ததற்கு அடுத்த நாள் காலையில் நடந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நானும் ஒரு நாள் அவர்கிட்ட யோகர்ட் வாங்கினேன்."

ஏன் வாங்கினாய் என்ற கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். விழுங்கினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"வாங்கினது தப்பே இல்லடா. அப்புறம் என்ன ஆச்சு, சொல்றியா?"

சொன்னாள். கன்னத்தைத் தடவ வந்திருக்கிறார். பிடிக்கவில்லை, ஓடி வந்துவிட்டாள். வீட்டில் திட்டுவோம் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

"ஓடி வந்தது சரிதான். ஓட முடியாம போயிருந்தாலும் உன்மேல தப்பு இல்ல. தொட்டவர்மேலதான் தப்பு," என்றேன். அவள் யோசித்தாள். பிறகு, "கட்டிப்பிடிச்சுக்கவா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது உறவினர் ஒருவர், "வா, மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று அவளை இழுத்தார். "வேணாம் மாமா, வணக்கம்" என்று நகர்ந்துகொண்டாள். அவர் முகம் சுருங்கியது. "பொண்ணை இப்படியா வளர்க்கிற?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

அவள் இனி எத்தனையோ பேரைத் தனியாகத்தான் சந்தித்தாக வேண்டும். எல்லா இடத்திலும் நான் காவல் நிற்க முடியாது. ஆனால் என்ன நடந்தாலும் பயப்படாமல் வந்து சொல்ல அவளுக்கு ஒரு வீடு இருக்கிறதா இல்லையா என்பது, அன்று நான் விழுங்கிய அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது.