சூடான வாணலியை நான் வைத்த இடம்

கண்ணாடி அடுப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். "கண்ணாடின்னா உடையும்டி," என்றாள் அம்மா. "சூடு தாங்குற கண்ணாடிமா," என்று இரண்டு நாள் பாடம் நடத்தினேன். அடுப்போடு வந்த கையேட்டை முழுக்கப் படித்தது வீட்டில் நான் ஒருத்திதான். அகலக் குண்டான் கூடாது, சொரசொரப்பான நாரால் தேய்க்கக் கூடாது, சூடான பாத்திரத்தைக் கண்ணாடிமேல் இறக்கவே கூடாது. அத்தனையும் அம்மாவுக்கு ஒப்பித்தேன்.

அப்போது உப்பளத்தில் உப்பு வாரும் காலம். மழை இறங்குவதற்குள் அம்மா தினமும் போய்ச் சுமந்தாக வேண்டும். காலில் கீறல் இருந்தால் அந்தத் தண்ணீரில் நிற்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேர்க்கடலை வறுத்தேன். எங்கள் வீட்டில் கல்லுப்பில் போட்டுத்தான் வறுப்போம், உப்புக்கா பஞ்சம்? கடலையை அரித்து எடுத்த பிறகும் இரும்பு வாணலியில் பாதிக்கு உப்பு, நெருப்பாய்க் கிடந்தது. பக்கத்து பர்னரில் சோறு. கீழே குனிந்து, சூடான பாத்திரம் வைக்கும் பிரிமணையை எடுக்கச் சோம்பல். இரண்டு பர்னருக்கும் நடுவே கண்ணாடிமேலேயே வாணலியை இறக்கிவிட்டு, கடலையை ஊதித் தின்றபடி போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

கண்ணாடி அப்படியே இல்லாமல் போயிருந்தது! தூள் தூளாகச் சிதறி, வாணலியிலிருந்து கொட்டிய உப்போடு கலந்து தரையெல்லாம் மின்னியது. எது உப்பு, எது கண்ணாடி? எனக்குக் கால் நகரவில்லை. சோற்றுக்கு அடியில் தீ எரிந்துகொண்டே இருந்தது.

"நவுருடி!" அம்மா வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"அம்மா, கண்ணாடிமா! மிதிக்காத!"

"கேஸு எரியுது, கண்ணாடியாம்!" நாளெல்லாம் உப்பின்மேல் நடப்பவள், அதே நடையில் மிதித்துப் போய் சிலிண்டரை மூடினாள்.

தோட்டத்துப் பக்கம் உட்கார வைத்தேன். "குத்திச்சாமா?"

"தெரியலடி. பாதம் மரத்து எத்தினி வருசமாவுது! உப்பு கரைச்சுக் கொண்டா. எரிஞ்சா கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். அளத்துல அப்படித்தான் பாப்போம்."

உப்புத் தண்ணீரை வலது காலில் ஊற்றினேன். ஒன்றுமில்லை. "பாத்தியா, செருப்புத் தோலு," என்று சிரித்தாள். இடது காலில் ஊற்றினேன். சிரிப்பு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். குதிகால் ஓரத்தில் ஒரு சில்லு, ரத்தம் இல்லாமல் ஆழமாக இறங்கியிருந்தது.

"அழுவாத. படிச்ச புள்ள, நீ ஏன்டி அங்க வச்ச?"

காலில் துண்டைச் சுற்றிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் கீறி எடுத்துத் தையல் போட்டார்கள். காயம் ஆறும்வரை உப்புத் தண்ணீரே ஆகாது என்றார்கள். மறுநாள் விடியலில், அம்மாவோடு வேலைக்குப் போகும் பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள்: "யக்கா, கெளம்பலியா?"

"இந்த வருசம் அவ்ளோதான்டி எனக்கு. நீங்க போங்க," என்றாள் அம்மா, திண்ணையில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி. அவர்கள் போய் வெகுநேரம் ஆகியும் அம்மா உள்ளே வரவில்லை.