களத்தில் கேட்ட கணக்கு

போன கிழமை மச்சாள் தவமணியோடு எனக்குச் சண்டை.

படுவான்கரையில் அவளுடைய வயல், கடலோடு கலக்கும் வாவியோரம் இருக்கிறது. இந்தப் போகம் உப்புத்தண்ணீர் ஏறி, முக்கால்வாசி பதர். நட்டஈடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாள். “உங்கட வயல் வட்டையில எல்லாருக்கும் நல்ல விளைச்சலாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கக்கூட வழியில்லை.

காரணம் என்ன தெரியுமா? களத்துக்கு வந்து விளைச்சலைக் கேட்ட விவசாய உத்தியோகத்தரிடம் இவளே அள்ளிவிட்டிருக்கிறாள்... நல்ல பொலி, அமோகம் என்று!

“விசரா கா உனக்கு?” என்று கத்தினேன்.

“நெல்லுக் குவியலுக்குப் பக்கத்துல நிண்டு கேட்டா, குறைவெண்டு சொல்ல எப்பிடி மச்சாள் வாய் வரும்?”

அதுவும் சரிதான். மெஷின் வந்து வெட்டினாலும், எங்கள் களத்தில் ‘இல்லை’, ‘குறைவு’ என்ற பேச்சே எழும்பாது. எல்லாம் பொலிதான், பெருக்கம்தான்; குறைவென்று சொன்னால் அடுத்த போகமும் குறைந்துவிடும் என்ற பயம்.

அதற்காக விட்டுவிடுவதா? நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்கு நானும் போனேன்.

அந்த உத்தியோகத்தர் சுவரில் ஒரு மீடிறன் பரம்பல் ஒட்டியிருந்தார். ஓ/எல் சோதனைக்குப் படித்தோமே... ஏக்கருக்கு எத்தனை மூடை என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்து, எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணுவது. கணக்கில் நான் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணியவள். எனக்கே உறைத்தது. மேல் வகுப்பில் ஊரே நிற்கிறது, கீழே ஈ காக்காய் இல்லை! மேட்டு வயலும் வாவியோரமும் ஒன்றாகவா விளையும்?

“சேர், வகுப்பில எல்லாப் பிள்ளையளும் நூறு மார்க்ஸ் எடுத்தா நம்புவீங்களா?”

“அவங்களே சொன்னதுதானே, மிஸ்.”

“அது களத்துல. இப்ப கேளுங்க.”

கரும்பலகையில் கட்டம் போட்டேன். கீழ் வகுப்புக்காரர் கை தூக்குங்கள் என்றால், ஒருவரும் அசையவில்லை. ஊரார் முன்னால் யாருக்கு மனம் வரும்?

தவமணி எழுந்தாள். “எனக்குப் பதர்தான், சேர்.” கீழ் வகுப்பில் முதல் கோட்டை இழுத்தேன்.

பிறகு வாவியோரக்காரர் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். கோடு கோடாக இழுத்தேன். கீழே ஒரு கும்பல், மேலே ஒரு கும்பல், நடுவில் வெறுமை.

“அறிக்கை போயிட்டுது, மிஸ்...”

“மறுகா அனுப்புங்க. அதுவரைக்கும் நாங்க இஞ்சதான் இருப்பம்.”

இருந்தோம். ஒருவரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் உத்தியோகத்தர் பலகையைப் போனில் படம் எடுத்து, வாவியோர வயல்களை நேரில் வந்து பார்ப்பதாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

போகிற போக்கில் புத்தியும் சொன்னார். “இனியாவது களத்துல உண்மையைச் சொல்லுங்கம்மா.”

தவமணி நிமிர்ந்தாள்.

“அது மட்டும் ஏலா, சேர். களத்துல பொலிதான். கணக்கு வேணுமெண்டா வீட்ட வந்து கேளுங்க!”